மன்னித்துவிட்டால் புகார் கொடுக்கக் கூடாதா?

பெரம்பூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கடிதம் நீளமானது, சுருக்கிவிட்டேன். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களையும் எடுத்துவிட்டேன்.

"என் கணவர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். வந்த பணத்தில் 6 லட்சத்தைப் போன அக்டோபரில் ஒரு கம்பெனியில் போட்டோம். மாதம் 8 சதவீதம் தருவதாகச் சொன்னார்கள். எங்களைச் சேர்த்துவிட்டது எங்கள் சபையில் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் என்னோடு பதினைந்து வருடமாக இருக்கும் தோழி. நான்கு மாதம் 48,000 ஒழுங்காக வந்தது. பிப்ரவரியில் என் நாத்தனாரும் 2 லட்சம் போட்டார், கணவரை இழந்தவர். மார்ச்சில் அண்ணா நகர் ஆபீஸைப் பூட்டிவிட்டார்கள். அப்புறம்தான் தெரிந்தது, தோழிக்கு எங்கள் பணத்தில் 12,000 கமிஷன் போயிருக்கிறது. அதைவிட, அவள் தன்னுடைய 3 லட்சத்தை ஜனவரியிலேயே முழுதாக எடுத்துவிட்டாளாம், அவள் மகளே வாய் தவறிச் சொல்லிவிட்டாள். பிப்ரவரியில் கோயில் வராந்தாவில் நின்று 'நாத்தனாரையும் போடச் சொல்லுங்க அக்கா, அருமையா போகுது' என்றவள் அவள்தான். பன்னிரண்டாயிரத்துக்கா என்னை விற்றாள்? போலீசுக்குப் போகிறேன் என்றதும் போதகர் கூப்பிட்டு, விசுவாசிகள் ஒருவர்மேல் ஒருவர் வழக்குக்குப் போகக் கூடாது, 1 கொரிந்தியர் 6 படியுங்கள், மன்னித்துவிடுங்கள் என்கிறார். அவள் கணவர், புகார் கொடுத்தால் அவள் ஏதாவது பண்ணிக்கொள்வாள் என்கிறார். நாத்தனாரைச் சேர்த்ததற்கு எனக்கும் 4,000 போட்டார்கள், அதை என்ன செய்வது என்றும் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் பக்கத்தில் முழங்காலிட்டுத் திருவிருந்து எடுக்கவே மனம் கூசுகிறது. நான் என்ன செய்ய?"

சகோதரி, முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன், காரணங்கள் பின்னால் வரும். புகார் கொடுங்கள். மன்னிக்கவும் செய்யுங்கள், அதற்கு அவசரமில்லை. இந்த இரண்டுக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது, அது உங்கள் கடிதத்தின் கடைசியில் ஒரே வரியில் ஒளிந்திருக்கிற அந்த 4,000. அதற்கு வருகிறேன், உங்களுக்குப் பிடிக்காது.

நான் வக்கீல், போதகர் அல்ல. ஆனால் பண மோசடி வழக்குகளோடு சபை மக்கள் வரும்போது பாதிப் பேர் கேட்பது சட்டக் கேள்வியே இல்லை. "இப்படிச் செய்வது பாவமா சார்?" என்றுதான் கேட்கிறார்கள். அதனால் வேதத்தையும் திறந்து வைத்துக்கொண்டுதான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

பன்னிரண்டாயிரத்திலிருந்து ஆரம்பிப்போம், ஏனென்றால் உங்களை அரிக்கிறது அந்தத் தொகையின் சின்னத்தனம்தான் என்று நினைக்கிறேன். ஐம்பது லட்சத்துக்கு ஏமாற்றியிருந்தால்கூட இவ்வளவு அவமானமாக இருந்திருக்காது. இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ் விஷயத்திலும் இதுதான். "நீங்கள் எனக்கு என்ன கொடுக்கிறீர்கள்" என்று அவன் கேட்டான், பிரதான ஆசாரியர்கள் முப்பது வெள்ளிக்காசு கொடுத்தார்கள், அவன் பேரம் பேசியதாக மத்தேயுவில் ஒரு வார்த்தை இல்லை. முப்பது வெள்ளி என்பது யாத்திராகமம் 21-ல் ஒரு அடிமையை மாடு முட்டிக் கொன்றால் எஜமானுக்குக் கொடுக்க வேண்டிய நஷ்டஈடு. அந்த விலைதான் ஆண்டவருக்கு. இத்தனைக்கும் பஸ்கா பண்டிகைக்கு ஆறு நாள் முன்னால் பெத்தானியாவில் மரியாள் ஆண்டவர் பாதத்தில் தைலத்தை ஊற்றியபோது, இதை முந்நூறு பணத்துக்கு விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று சரியாகக் கணக்குப் போட்டவன் அவன். அவன் கேட்டது ஏழைகள்மேல் உள்ள கரிசனத்தால் அல்ல, பணப்பை அவனிடம் இருந்தது, அதிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தான் என்று யோவான் ஒளிக்காமல் எழுதிவிடுகிறார். ஆக, அந்த ராத்திரி திடீரென்று வந்த புத்தி மாறாட்டம் இல்லை அது. கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துப் பழகிய கை. பணம் கைக்கு வரும்போது அந்தக் கை வருவதை மட்டும் பார்க்கும். எதிர்ப்பக்கம் என்ன போகிறது என்று அதற்குத் தெரியாது. உங்கள் தோழி உங்களை 12,000 என்று மதிப்பிட்டாள் என்று நினைக்காதீர்கள். அவள் உங்களை மதிப்பிடவே இல்லை. இது ஆறுதலா இல்லையா தெரியவில்லை, உண்மை.

ஆனால் என்னைக் கேட்டால், கமிஷன் வாங்கியது துரோகமே இல்லை. சென்னையில் தெருவுக்கு ஒருவர் ஏதோ ஒன்றுக்கு ஏஜென்டாக இருக்கிறார்கள், சீட்டு, பாலிசி, நகைத் திட்டம். சொல்லாமல் வாங்கியது தப்பு, அவ்வளவுதான். துரோகம் ஜனவரிக்கும் பிப்ரவரிக்கும் நடுவில் இருக்கிறது. தன் பணத்தை எடுத்துக்கொண்டு, எடுத்ததைச் சொல்லாமல், ஒரு விதவையின் பணத்தை உள்ளே அனுப்பச் சொன்னாளே, அந்த இடம். சங்கீதம் 55-ஐ ஒரு தடவை எடுத்து வாசியுங்கள். சத்துரு நிந்தித்திருந்தால் சகித்திருப்பேன், என் தோழனாகிய நீயே அவன், "கூட்டத்தோடே தேவாலயத்துக்குப் போனோம்" என்று தாவீது அழுகிற சங்கீதம். அதில் தாவீது மன்னிக்கிறதாகக் காணோம், கடைசி வசனம்வரை கோபம் இருக்கிறது, அதுவும் வேதத்துக்குள்தான் இருக்கிறது. உங்களுக்கு இப்போது கோபம் வருவது அவிசுவாசம் என்று யாராவது சொன்னால் அந்தச் சங்கீதத்தைக் காட்டுங்கள்.

சட்டப்படியும் அந்த இரண்டு மாதம்தான் முக்கியம். கம்பெனி ஏமாற்றும் என்று எனக்கே தெரியாது, நானும் நம்பினேன் என்று எந்த ஏஜென்டும் சொல்லலாம், பல நேரம் உண்மையாகவும் இருக்கும். ஆனால் 2019-ல் வந்த முறைப்படுத்தப்படாத டெபாசிட் திட்டங்கள் தடைச் சட்டம், முக்கியமான விஷயத்தை வேண்டுமென்றே மறைத்து ஒருவரைப் பணம் போட வைப்பதையே தனிக் குற்றமாக வைத்திருக்கிறது. தன் பணத்தை எடுத்தது முக்கியமான விஷயமா என்று கேட்டால், நாத்தனாரிடம் கேளுங்கள், அது தெரிந்திருந்தால் போட்டிருப்பாரா என்று.

இனி போதகர் சொன்னதற்கு வருகிறேன். 1 கொரிந்தியர் 6-ஐ நான் ஒதுக்கப் போவதில்லை, ஏனென்றால் அதில் ஏழாம் வசனம் கடுமையானது. "ஏன் நஷ்டத்தைப் பொறுத்துக்கொள்ளுகிறதில்லை?" என்று பவுல் பாதிக்கப்பட்டவனைப் பார்த்தே கேட்கிறார். அதை நழுவ விட முடியாது. உங்கள் சொந்த நஷ்டத்தைப் பொறுத்துக்கொள்ள உங்களுக்கு மனமிருந்தால் அது பெரிய காரியம், நான் தடுக்க மாட்டேன். ஆனால் அடுத்த வசனத்தை ஏன் நிறுத்திவிட்டார்கள்? நீங்களே அநியாயம் செய்கிறீர்கள், நஷ்டப்படுத்துகிறீர்கள், சகோதரருக்கும் அப்படிச் செய்கிறீர்களே என்று எட்டாம் வசனத்தில் பவுல் மறுபக்கம் திரும்பிவிடுகிறார், பத்தாம் வசனத்தில் பொருளாசைக்காரரைத் திருடர் பக்கத்திலேயே நிறுத்துகிறார். ஏழாம் வசனத்தை உங்களுக்கு வாசித்த போதகர் எட்டாம் வசனத்தை அந்த வீட்டுக்குப் போய் வாசித்தாரா? வாசித்திருந்தால் சந்தோஷம். அப்புறம், பவுல் அங்கே பேசுவது சபையில் இரண்டு பேருக்குள் இருக்கும் வழக்கு. அதைத் தீர்க்க உங்களுக்குள் விவேகி ஒருவன்கூட இல்லையா என்று கேட்கிறார். ஊர் முழுக்கப் பணம் வாங்கிப் பூட்டிவிட்டுப் போன கம்பெனி சபைக் கமிட்டி முன்னால் வந்து உட்காரப் போவதில்லை. அதே பவுல், தனக்கு நியாயம் மறுக்கப்பட்டபோது இராயருக்கு அபயமிட்டதும், அதாவது ரோமப் பேரரசரிடம் மேல்முறையீடு செய்ததும், அப்போஸ்தலர் 25-ல் இருக்கிறது.

எல்லாவற்றையும்விட, நாத்தனாரின் 2 லட்சத்தை மன்னிக்க நீங்கள் யார்? கேள்வி முரட்டுத்தனமாக இருந்தாலும் கேட்க வேண்டியிருக்கிறது. உங்கள் காயத்தை மன்னிக்கலாம். அவருடைய காயத்தை நீங்களும் மன்னிக்க முடியாது, போதகரும் முடியாது.

மன்னிப்பைப் பற்றி நம் பிரசங்கங்களில் 'ஏழெழுபதுதரம் மன்னி' என்கிற வசனம் வருகிற அளவுக்கு லூக்கா 17 வருவதில்லை. "உன் சகோதரன் உனக்குக் குற்றஞ்செய்தால், அவனைக் கடிந்துகொள், அவன் மனஸ்தாபப்பட்டால், அவனுக்கு மன்னிப்பாயாக." கடிந்துகொள்வது முதலில் நிற்கிறது. அடுத்து அவர் மனஸ்தாபப்பட வேண்டும். உள்ளுக்குள் பகையை வளர்க்காமல் இருப்பது இன்றைக்கே உங்கள் கையில் இருக்கிறது, அதற்கு யாரும் வருத்தப்பட்டு வரத் தேவையில்லை. உறவு பழையபடி ஆவது வேறு காரியம். யோசேப்பு சகோதரர்களைப் பார்த்த உடனே கட்டிப்பிடிக்கவில்லை, தானியம் கொடுத்தான், சிமியோனைப் பிடித்து வைத்தான், பென்யமீன் சாக்கில் பாத்திரத்தைப் போட்டுப் பார்த்தான், பழைய ஆட்கள்தானா என்று சோதித்தான். யூதா "தம்பிக்குப் பதிலாக நான் அடிமையாக இருக்கிறேன்" என்று முன்வந்த பிறகுதான் தன்னை வெளிப்படுத்தி, கட்டிப்பிடித்து அழுதான்.

அப்படியானால் உங்கள் தோழியின் மனஸ்தாபம் எப்படி இருக்க வேண்டும்? அழுவதா? அழுதிருப்பார், கோயிலில் சாட்சி சொல்லி இன்னும் அழக்கூடும். பேராசைக்கு வேதம் கேட்கிற மருந்து கண்ணீர் அல்ல, திருப்பிக் கொடுப்பது. லேவியராகமம் 6-ல் வஞ்சித்து எடுத்தவன் முதலையும், அதற்குமேல் ஐந்தில் ஒரு பங்கையும் சேர்த்து உரியவனிடம் கொடுத்துவிட்டுத்தான் பலியோடு வர வேண்டும். சகேயு காட்டத்தி மரத்திலிருந்து இறங்கி வந்து பாட்டுப் பாடவில்லை, பாதி ஆஸ்தி ஏழைகளுக்கு, அநியாயமாக வாங்கியதற்கு நாலத்தனை என்று தொகையைச் சொன்னான். இரட்சிப்பு இந்த வீட்டுக்கு வந்தது என்று ஆண்டவர் சொன்னது அதற்கு அப்புறம்தான்.

இங்கே யூதாஸைப் பற்றி நாம் மறந்துவிடுகிற ஒன்றைச் சொல்கிறேன். அவனும் திருப்பிக் கொடுத்தான். பாவஞ்செய்தேன் என்று வாய்திறந்து ஒத்துக்கொண்டான், முப்பது காசில் ஒன்றைக்கூட வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் போய் நின்றது பிரதான ஆசாரியர்களிடம், அதாவது அவனை விலைக்கு வாங்கியவர்களிடம். அவர்கள் சொன்ன பதில், "எங்களுக்கென்ன, அது உன்பாடு". அறிக்கை செய்ய வந்த ஒருவனை மதத் தலைவர்கள் கதவைச் சாத்தி அனுப்பிய இடம் அது, அவன் அங்கிருந்து நேரே போய்ச் செத்தான். உங்கள் போதகருக்கு வேலை இருக்கிறதென்றால் இங்கேதான் இருக்கிறது. உங்கள் வாயை அடைப்பதை விட்டுவிட்டு, அந்தப் பெண் உரியவர்களிடம் திரும்பி வருவதற்கு ஒரு வழியை உண்டாக்கட்டும். கமிஷனாக வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க உட்கார்ந்து பேசட்டும், ஜனவரியில் எடுத்த 3 லட்சம் யாருடைய பணம் என்று கேட்கட்டும், விசாரணையில் உள்ளதைச் சொல்லத் தைரியம் கொடுக்கட்டும். அவளை அப்படித் தாங்கிப் பிடித்தால் அவள் கணவர் பயப்படுவது நடக்காமல் போகவும் வாய்ப்பு அதிகம்.

அந்தப் பயத்தை மிரட்டல் என்று தள்ளிவிடாதீர்கள், மிரட்டலாகவே இருந்தாலும். அவளோடு பேச வீட்டுக்குப் போகாதீர்கள், கூட்டமாகப் போய் நிற்காதீர்கள், சபை வாட்ஸ்அப் குழுவில் ஒரு வார்த்தை போடாதீர்கள். அவள் கணவரிடம் 14416 எண்ணைக் கொடுங்கள், அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், தமிழில் பேசலாம், தமிழகத்தின் 104-ம் இருக்கிறது. போதகரையும் அந்த வீட்டுக்குத் தினம் போகச் சொல்லுங்கள். இதெல்லாம் செய்தபின் புகாரைக் கொடுங்கள். அவளுடைய உயிருக்கு நீங்கள் காட்டுகிற அக்கறையும், நாத்தனாருக்காக நீங்கள் கேட்கிற நியாயமும் ஒன்றையொன்று வெட்ட வேண்டியதில்லை.

இப்போது நீங்கள்.

மாதம் 8 சதவீதம் என்றால் வருடத்துக்கு 96. பாங்கில் போட்டால் ஏழு சதவீதம் வந்தாலே நல்ல வட்டி என்கிறோம். ஐ.சி.எஃப்.பில் காலம் முழுக்க உழைத்தவருக்கு இந்த வித்தியாசம் தெரியாமலா இருந்திருக்கும்? 2022-ல்தான் இதே சென்னையில் ஆருத்ரா விவகாரம் வெடித்தது, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் ரூ.2,438 கோடி வாங்கியதாகப் போலீஸ் சொன்னது, தினமும் டி.வி.யில் ஓடியது. உங்களை ஏமாற்றியவர்கள் குற்றவாளிகள், அதில் மாற்றமே இல்லை. பேராசைப்பட்டவனை ஏமாற்றலாம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆனாலும் "பொருளாசையைக்குறித்து எச்சரிக்கையாயிருங்கள்" என்று ஆண்டவர் சொன்னது யாரிடம் என்று லூக்கா 12-ல் பாருங்கள். சொத்தைப் பங்கிட்டுத் தரச் சொல்லுங்கள் என்று நியாயம் கேட்டு வந்தவனைக் கண்டு சொன்னது. அவன் கேட்டது நியாயமான பங்காகவே இருந்திருக்கலாம்.

இன்னொன்று, முதல் நான்கு மாதம் வந்த 1,92,000 வட்டி அல்ல. இந்த மாதிரிக் கம்பெனிகளில் வியாபாரம் என்று ஒன்று பெரும்பாலும் இருக்காது, பின்னால் வருபவரின் முதலை எடுத்து முன்னால் வந்தவருக்குக் கொடுப்பார்கள். பிப்ரவரியில் உங்களுக்கு வந்த 48,000 நாத்தனார் போட்ட பணத்திலிருந்தே வந்திருக்கலாம். அப்படித்தான் வந்தது என்று நான் சொல்ல முடியாது, இல்லை என்று உங்களாலும் சொல்ல முடியாது.

அந்த 4,000. "என்ன செய்வது என்று தெரியவில்லை" என்கிறீர்கள், தெரியும். இன்றைக்கே எடுத்துக்கொண்டு நாத்தனார் வீட்டுக்குப் போங்கள். கூகுள் பேயில் அனுப்பிவிட்டு வேலையை முடிக்காதீர்கள், நேரில் போங்கள். உன்னைச் சேர்த்ததற்கு எனக்கு இது கொடுத்தார்கள் என்று சொல்லிக் கொடுங்கள். லேவியராகமக் கணக்குப்படி 4,800 ஆகிறது, பிப்ரவரி 48,000-ஐயும் என்ன செய்வதென்று உங்கள் கணவரோடு உட்கார்ந்து முடிவெடுங்கள், அதில் நான் தலையிடவில்லை. நாத்தனார் கோபப்படுவார், உங்கள் தோழியைப் பார்த்து நீங்கள் கேட்ட அதே கேள்வியை உங்களைப் பார்த்துக் கேட்கக்கூடும், நாலாயிரத்துக்கா என்று. கேட்கட்டும். உங்களுக்கு ஜனவரி விஷயம் தெரியாது, அதனால் உங்கள் நிலையும் தோழியின் நிலையும் ஒன்றல்ல. ஆனால் தோழி உங்களிடம் கமிஷனை மறைத்த மாதிரி நீங்கள் நாத்தனாரிடம் மறைத்திருக்கிறீர்கள், இந்த நிமிடம் வரை.

வக்கீலாகவும் இதையேதான் சொல்வேன். பாங்க் ஸ்டேட்மென்ட்டில் அந்த 4,000 நிற்கிறது. புகாரில் அதை நீங்களே எழுதிவிட்டால் நேர்மையான டெபாசிட்தாரர். மறைத்து, விசாரணை அதிகாரி கண்டுபிடித்துக் கேட்டால் இன்னொரு ஏஜென்ட்.

சரி, புகார். 1990-களில் தமிழ்நாட்டில் ஃபைனான்ஸ் கம்பெனிகள் வரிசையாக மூடியபோது, அதற்கென்றே 1997-ல் முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தார்கள், 2011-ல் சுப்ரீம் கோர்ட்டும் அது செல்லும் என்று சொல்லிவிட்டது. இதை விசாரிப்பது பொருளாதாரக் குற்றப் பிரிவு, உங்கள் ஏரியா ஸ்டேஷனில் போய் மணிக்கணக்கில் உட்காராதீர்கள். இதே கம்பெனிமேல் ஏற்கனவே வழக்கு இருந்தால் உங்கள் புகாரையும் அதில் சேர்த்துக்கொள்வார்கள். கம்பெனி சொத்தை அரசு முடக்கி, தனி நீதிமன்றம் மூலம் விற்று, போட்டவர்களுக்கு விகிதப்படி பிரித்துக் கொடுப்பதுதான் வழி. வருடக்கணக்கில் ஆகும், முழுசாக வருமென்று எதிர்பார்க்காதீர்கள், வந்ததைக் கழித்து 4,08,000 என்றுதான் நீங்கள் கேட்க முடியும். பத்திரம், ரசீது, ஸ்டேட்மென்ட், வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள், வழக்கு முடியும்வரை அந்த போனை எக்ஸ்சேஞ்சில் போட்டுவிடாதீர்கள். தோழியின் பேரை எழுதும்போது நடந்ததை மட்டும் எழுதுங்கள், எந்தத் தேதியில் என்ன சொன்னாள் என்று. "துரோகி", "யூதாஸ்" எல்லாம் புகாரில் வேண்டாம். ஜனவரியில் பணம் எடுத்ததாக மகள் சொன்னார் என்று எழுதினால் போதும், உண்மையா என்று அவர்கள் கம்பெனிக் கணக்கில் பார்த்துக்கொள்வார்கள். அந்தப் பிள்ளையை மேற்கொண்டு எதுவும் கேட்காதீர்கள்.

சபையில் பஞ்சாயத்து பேசி, "இவ்வளவு தருகிறோம், புகார் கொடுக்க மாட்டேன் என்று எழுதிக் கொடுங்கள்" என்று பேப்பர் நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள். குற்ற வழக்கை அமுக்குவதற்காகப் போடும் ஒப்பந்தம் சட்டத்தில் செல்லாது. அவள் திருப்பிக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு ரசீது கொடுங்கள், விசாரணையிலும் சொல்லுங்கள், அது அவளுக்கும் நல்லது.

கடைசியாகத் திருவிருந்து. லூக்கா 22-ல், என்னைக் காட்டிக்கொடுக்கிறவனுடைய கை என்னோடு பந்தியில் இருக்கிறது என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறார், அதற்காக அவர் பந்தியை விட்டு எழுந்து போகவில்லை. அதனால் பக்கத்தில் யார் முழங்காலிடுகிறார்கள் என்பது உங்களைத் தடுக்க வேண்டாம். பீடத்தில் காணிக்கையை வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்று மத்தேயு 5-ல் வருகிறதே, அதை ஒரு தடவை கவனித்துப் படியுங்கள். உனக்கு யார்மேல் குறை என்று அங்கே கேட்கவில்லை, "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று" நினைவுக்கு வந்தால் என்றுதான் இருக்கிறது. உங்கள்பேரில் குறை இருக்கிறவர் நாத்தனார். சனிக்கிழமைக்குள் அவரைப் பார்த்துவிடுங்கள், திங்கட்கிழமை புகார் கொடுக்கப் போகும்போது அவர் சம்மதித்தால் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் பேரில் தனியாக ஒரு புகார் எழுத வேண்டும், ஆதார் நகலும் பணம் போட்ட ரசீதும் எடுத்து வரச் சொல்லுங்கள்.